பாகற்காய்க் கறியும் குளோர்ப்ரோபமைடும்: 1979 நிகழ்வைப் பிரித்துப் பார்த்தல்

1979-ல் லான்செட் மருத்துவ இதழில் அஸ்லம், ஸ்டாக்லி என்ற இருவர் எழுதிய ஒரு சிறு குறிப்பு வெளிவந்தது. பாகிஸ்தானியப் பெண் ஒருவர், வயது 40. சர்க்கரை நோய்க்குக் குளோர்ப்ரோபமைட் மாத்திரை சாப்பிட்டு வந்தவர். பாகற்காயும் பூண்டும் சேர்த்த கறி சாப்பிட்டபோது அவருடைய சிறுநீரில் போகும் சர்க்கரை குறைந்தது. சேதி அவ்வளவுதான். மயக்கம் இல்லை, உயிராபத்து இல்லை. ஆனாலும் உணவும் சர்க்கரை மாத்திரையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதற்கு எடுத்துக்காட்டு கேட்டால் இன்றைக்கும் இந்தக் கறியைத்தான் காட்டுகிறார்கள்.

இந்த நிகழ்வை "பாகற்காய் சர்க்கரையைக் குறைக்கும்" என்று படித்தால் பாதிதான் படித்ததாகும். மாத்திரை, காய், அளந்த முறை மூன்றையும் தனித்தனியாகப் பார்த்தால்தான் சிக்கல் எங்கே என்று தெரியும்.

மாத்திரை

குளோர்ப்ரோபமைட் சல்ஃபோனைல்யூரியா குடும்பத்தின் முதல் தலைமுறை. இந்தக் குடும்பத்து மாத்திரைகள் கணையத்தின் பீட்டா செல்லில் உள்ள பொட்டாசியம் வாயிலை அடைத்து இன்சுலினை வெளியே தள்ளுகின்றன. ரத்தத்தில் சர்க்கரை 250 இருக்கிறதா 70 இருக்கிறதா என்று அவை பார்ப்பதில்லை. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை விரட்டும். குளோர்ப்ரோபமைடுக்கு இன்னொரு குணமும் உண்டு. அதன் அரை ஆயுள் ஏறத்தாழ 36 மணி நேரம். திங்கள் காலை விழுங்கிய மாத்திரையில் பாதி செவ்வாய் இரவிலும் உடம்பில் இருக்கும்.

இன்று அந்த மாத்திரை ஏறக்குறைய வழக்கொழிந்துவிட்டது. அதன் இடத்தில் கிளிமெபிரைடு, கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு வந்திருக்கின்றன. குணம் மாறவில்லை. கிளிபென்கிளமைடின் சிதைவுப் பொருட்களும் மருந்தாகவே வேலை செய்து, சிறுநீரகம் வழியாக வெளியேறுபவை. சிறுநீரகம் தளர்ந்தவர்களிடம் அவை தேங்கும். அறுபது வயதைத் தாண்டி, கிரியாட்டினின் (சிறுநீரகத் தளர்ச்சியைக் காட்டும் ரத்த அளவு) ஏறியிருக்கும் ஒருவரின் சீட்டில் இந்தப் பெயர் இருந்தால், மூலிகையைப் பற்றிக் கேட்பதற்கு முன்பே மாத்திரையை மாற்றலாமா என்று யோசிக்க வேண்டும்.

காய்

பாகற்காயில் சரான்டின், பாலிபெப்டைடு-பி, வைசின் என்று சில பொருட்களைப் பிரித்து எடுத்திருக்கிறார்கள். மனிதர்களிடம் என்ன நடக்கிறது என்பதற்கு 1981-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வு உதவுகிறது. இன்சுலின் ஊசி தேவைப்படாத ஒன்பது சர்க்கரை நோயாளிகள். 50 கிராம் குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் சோதனையில், பாகற்காய்ச் சாறு கொடுத்தபோது ரத்தச் சர்க்கரை கணிசமாகக் குறைவாக ஏறியது. வறுத்த பாகற்காயைத் தினமும் உணவோடு சாப்பிட்டபோது முன்னேற்றம் சிறிய அளவில்தான் இருந்தது. இரண்டிலும் ரத்தத்தில் இன்சுலின் கூடவில்லை.

அந்தக் கடைசி வரிதான் முக்கியம். மாத்திரை இன்சுலினைக் கூட்டிச் சர்க்கரையை இறக்குகிறது. காய் இன்சுலினைத் தொடாமல் இறக்குகிறது. ஆக, ஒன்று மற்றதன் ரத்த அளவை ஏற்றி இறக்காமலேயே இரண்டின் பலனும் கூடிவிடும். மருந்தின் அளவை ரத்தத்தில் சோதித்தால் எந்த மாற்றமும் தெரியாது. சர்க்கரையைச் சோதித்தால்தான் தெரியும்.

வறுவலுக்கும் சாறுக்கும் உள்ள வித்தியாசத்தையும் விட்டுவிடக் கூடாது. வாரத்தில் இரண்டு நாள் சாப்பாட்டோடு பாகற்காய்ப் பொரியலோ பிட்லையோ சாப்பிடுபவர் சோற்றையும் சேர்த்தே சாப்பிடுகிறார். மூன்று நான்கு காயை விதையோடு மிக்ஸியில் அடித்து, காலை ஆறு மணிக்கு வெறும் வயிற்றில் குடித்துவிட்டு, மாத்திரையும் போட்டு, நடைப்பயிற்சிக்குக் கிளம்புபவரின் கதை வேறு. முன்னவரைத் தடுக்க வேண்டியதில்லை. பின்னவரிடம் உட்கார்ந்து பேச வேண்டும். விதையில் வைசின் இருப்பதால் ஜி6பிடி நொதிக் குறைபாடு (ரத்தச் சிவப்பணு எளிதில் உடையும் பிறவிக் குறை) உள்ளவர்கள் விதையோடு அரைப்பதைத் தவிர்ப்பதே சரி.

காயின் வலிமையை மிகைப்படுத்தவும் வேண்டாம். 2011-ல் வெளியான தாய்லாந்து ஆய்வில் தினம் 2000 மி.கி. பாகற்காய்ப் பொடியை நான்கு வாரம் கொடுத்தார்கள். ஃப்ரக்டோசமைன் (கடந்த இரண்டு மூன்று வாரச் சர்க்கரையைக் காட்டும் ரத்த அளவு) குறைந்தது, ஆனால் தினம் 1000 மி.கி. மெட்ஃபார்மின் குறைத்த அளவுக்கு இல்லை. பாகற்காய் மட்டுமே வளர்ந்தவர் ஒருவரைக் கீழே தள்ளுவது அரிது. சல்ஃபோனைல்யூரியா அல்லது இன்சுலின், தள்ளிப்போன சாப்பாடு, தளர்ந்த சிறுநீரகம் ஆகியவற்றோடு அதுவும் நான்காவதாகச் சேரும்போதுதான் ஆள் விழுகிறார்.

அளந்த முறை

1979 குறிப்பில் பேசப்படுவது சிறுநீர்ச் சர்க்கரை. ரத்தத்தில் சர்க்கரை ஏறத்தாழ 180 மி.கி.யைத் தாண்டினால்தான் சிறுநீரில் வழியும். 180-க்குக் கீழே 150 என்றாலும் 50 என்றாலும் சோதனை ஒரே விடையைத்தான் தரும்: "இல்லை". கறி சாப்பிட்ட நாட்களில் அந்தப் பெண்ணின் சர்க்கரை நல்ல அளவுக்கு வந்ததா, அதற்கும் கீழே போனதா என்று அந்தச் சோதனையால் சொல்லவே முடியாது. கறியில் பூண்டும் இருந்ததால் பலன் முழுவதையும் பாகற்காயின் கணக்கில் எழுதவும் முடியாது.

இருந்தாலும் இந்த நிகழ்வு ஒன்றைத் தெளிவாகக் காட்டுகிறது. மாத்திரை தினமும் ஒரே அளவு, கறி அப்படியில்லை. இன்றைய கணக்கில் வைத்துப் பார்ப்போம். பாகற்காய் இல்லாத வாரத்தில் நோயாளி ஒருவர் பரிசோதனைக்கு வருகிறார். வெறும் வயிற்றில் 175. மருத்துவர் கிளிமெபிரைடை 1 மி.கி.யிலிருந்து 2 மி.கி. ஆக்குகிறார். அடுத்த வாரம் சந்தையில் பாகற்காய் மலிவு. பக்கத்து வீட்டு அக்கா சொல்லித் தினமும் ஜூஸ். பத்தாம் நாள் பதினொரு மணிக்கு வியர்வை, கை நடுக்கம். பயந்துபோய் மாத்திரையை நிறுத்துகிறார், ஜூஸைத் தொடர்கிறார். மாதக் கடைசியில் 240. இதில் எந்த எண்ணும் பொய் இல்லை, எந்த முடிவும் சரியும் இல்லை. ஏறி இறங்கும் ஒன்றின் மேல் நிலையான அளவைப் பொருத்தப் பார்த்ததுதான் தவறு.

மற்ற மூலிகைகள்

சிறுகுறிஞ்சானுக்கு நம் ஊரிலேயே ஆய்வு இருக்கிறது. 1990-ல் சென்னையிலிருந்து வெளியானது. வகை 2 நோயாளிகள் 22 பேர், வழக்கமான மாத்திரையோடு சேர்த்துத் தினம் 400 மி.கி. இலைச் சாரத்தை 18 முதல் 20 மாதம் சாப்பிட்டார்கள். அவர்களில் ஐந்து பேர் பழைய மாத்திரையை நிறுத்த முடிந்தது. சிறிய ஆய்வு, குலுக்கல் முறையில் பிரித்ததும் அல்ல. மூலிகைக்குச் சாதகமாக இதை அடிக்கடி எடுத்துச் சொல்கிறார்கள். அதையே திருப்பிப் படித்துப் பாருங்கள். கண்காணிப்பு இல்லாமல் அந்த ஐந்து பேரும் பழைய மாத்திரையை அப்படியே தொடர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

சிறுகுறிஞ்சானில் யாரும் கவனிக்காத ஒரு சிக்கலும் உண்டு. இலையையோ பொடியையோ நாக்கில் பட மென்றுவிட்டுச் சர்க்கரையை வாயில் போட்டால் மணலைப் போட்டது போலத்தான் இருக்கும். இலையிலுள்ள ஜிம்னெமிக் அமிலம் நாக்கின் இனிப்பு ஏற்பியைச் சிறிது நேரம் அடைத்துவிடுகிறது. தாழ்சர்க்கரையில் குழம்பிப்போய் இருக்கும் ஒருவருக்கு அப்போது சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தால், "இதில் சர்க்கரையே இல்லை" என்று தட்டிவிடக்கூடும். ருசி தெரியாவிட்டாலும் குளுக்கோஸ் வேலை செய்யும் என்று வீட்டாருக்கு முன்பே சொல்லி வைக்க வேண்டும். இந்த மூலிகையால் கல்லீரல் அழற்சி வந்த நிகழ்வு ஒன்றும் 2010-ல் பதிவாகியிருக்கிறது. மஞ்சள் காமாலை, குமட்டல் வந்தால் உடனே நிறுத்த வேண்டும்.

கடலழிஞ்சில் இனத்துச் செடிகள் வேறு வழியில் வேலை செய்கின்றன. இலங்கையில் கொத்தல ஹிம்புட்டு என்ற பெயரில் அதன் தேநீர் விற்கிறது. அங்கே 51 நோயாளிகளிடம் மூன்று மூன்று மாதம் மாற்றிக் கொடுத்துச் செய்த ஆய்வு 2005-ல் வந்தது, ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி ஓரளவு குறைந்தது. இதிலுள்ள சாலசினால் என்ற பொருள், அகார்போஸ், வாக்ளிபோஸ் மாத்திரைகளைப் போலக் குடலில் மாவுச்சத்தையும் சீனியையும் உடைக்கும் நொதியைத் தடுக்கிறது. தனியாகச் சாப்பிட்டால் தாழ்சர்க்கரை வராது. கிளிமெபிரைடோடு சேர்ந்து வந்துவிட்டால், வழக்கமாகக் கொடுக்கும் சீனித் தண்ணீர் கைகொடுக்காது. சீனியை உடைக்கும் நொதியே அடைபட்டிருக்கிறதே. குளுக்கோஸ் பவுடர்தான் வேண்டும். அவசரத்துக்கு நல்ல தேன் உதவும். அதில் குளுக்கோஸ் ஏற்கெனவே உடைந்த நிலையில் இருக்கிறது. வாக்ளிபோஸ் ஏற்கெனவே சாப்பிடுபவர் இந்தத் தேநீரையும் குடித்தால் வாயுவும் வயிற்றுப்போக்கும்தான் கூடுதல் லாபம்.

வெந்தயம் நார்ச்சத்தின் வேலை. ஊறிய வெந்தயத்தின் கொழகொழப்பு சாப்பாட்டுச் சர்க்கரை ரத்தத்தில் ஏறுவதைத் தாமதப்படுத்தும். மாத்திரையையும் அதே போலப் பிடித்து வைக்கலாம். கொத்தவரைப் பிசின் மெட்ஃபார்மின் உறிஞ்சப்படுவதைக் குறைப்பதாகச் சோதனையில் தெரிந்திருக்கிறது. வெந்தயத்தின் பிசினும் அதே இனம்தான். மாத்திரைக்கும் ஊறிய வெந்தயத்துக்கும் இடையில் இரண்டு மணி நேரம் விட்டால் போதும். தாளிப்பில் போடும் வெந்தயத்தைப் பற்றிப் பேசி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

ஆவாரம்பூ விஷயத்தில், "ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்ற பழமொழி இருக்கும் அளவுக்கு மனிதர்களிடம் செய்த நல்ல ஆய்வு இல்லை. அதனோடு பெயரிலும் கடையிலும் குழம்பும் நிலாவாரைதான் கவலை தருவது. நிலாவாரை பேதி மருந்து. மெட்ஃபார்மின் சாப்பிடுபவர் "உடம்பைச் சுத்தம் செய்ய" நிலாவாரைச் சூரணம் எடுத்து இரண்டு நாள் வயிற்றால் போனால் நீர் வற்றும், சிறுநீரகத்தின் வேலை குறையும், வெளியேற வேண்டிய மெட்ஃபார்மின் தேங்கும். மூச்சு வாங்கி, லாக்டிக் அமிலம் ஏறிய நிலையில் வந்து சேருவார். டபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் வகை மாத்திரை சாப்பிடுபவருக்கு இன்னும் மோசம். அவை ஏற்கெனவே நீரை இறக்குபவை. கூடவே பட்டினியும் இருந்தால் ரத்தச் சர்க்கரை 180 என்று சாதுவாகக் காட்டிக்கொண்டே கீட்டோன் (கொழுப்பு எரிவதால் வரும் அமிலம்) ஏறும். பேதிக்கு எடுத்த நாளில் இந்த இரண்டு வகை மாத்திரைகளையும் நிறுத்தி வைக்க வேண்டும் என்பதைச் சீட்டிலேயே எழுதிக் கொடுப்பது நல்லது. சிறுநீரகம் வடிகட்டும் திறனைக் காட்டும் ஈஜிஎஃப்ஆர் 30-க்குக் கீழே போனவருக்கு மெட்ஃபார்மினே கூடாது. 45-க்குக் கீழே என்றால் அளவைக் குறைக்க வேண்டும்.

ஜூஸ் பற்றி இன்னொன்று. பாகற்காயோடு சுரைக்காயைச் சேர்த்து அடிக்கும் பழக்கம் பரவியிருக்கிறது. சில சுரைக்காய்கள் கசக்கும். அந்தக் கசப்பு குகர்பிடசின் என்ற நச்சு. வாந்தி, வயிற்றுப்போக்கு, ரத்த வாந்தி வரை போகும், உயிரிழப்பும் நடந்திருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இதற்கென ஒரு குழு அமைத்து, அதன் அறிக்கை 2012-ல் வெளியானது. சுரையை வெட்டியதும் ஒரு துண்டை வாயில் வைத்துப் பார்க்க வேண்டும், கசந்தால் தூக்கிப் போட வேண்டும். பாகற்காயோடு கலந்து அடித்துவிட்டால் எந்தக் கசப்பு எதனுடையது என்று நாக்குக்கு எப்படித் தெரியும்?

மூலிகையே மாத்திரையாக இருந்தால்

1979-ல் காய் காயாகத்தான் இருந்தது. 2008 ஜனவரி முதல் மே வரை சிங்கப்பூரின் ஐந்து அரசு மருத்துவமனைகளில், சர்க்கரை நோயே இல்லாத 150 பேர் கடுமையான தாழ்சர்க்கரையோடு சேர்ந்தார்கள். ஏறக்குறைய அனைவரும் ஆண்கள். ஏழு பேர் நினைவு திரும்பாமல் கிடந்தார்கள். அவர்களில் நால்வர் இறந்தார்கள். ஆண்மை மருந்து ஏதாவது சாப்பிட்டீர்களா என்ற கேள்விக்குப் பெரும்பாலானோர் ஆமாம் என்று சொல்லவில்லை. நான்கு பொருட்களில் கிளிபென்கிளமைடு கிடைத்தது. ஒன்று போலி சியாலிஸ், மற்றவை மூலிகை என்ற பெயரில் விற்றவை. அளவு 13 மி.கி. முதல் 100 மி.கி. வரை. கடையில் கிடைக்கும் 5 மி.கி. மாத்திரையில் இருபதை ஒரே வாயில் போட்டது போல.

சர்க்கரைக்கென்றே விற்கும் பொருட்களிலும் இது நடந்திருக்கிறது. 2000-ல் கலிஃபோர்னியாவில் ஐந்து மூலிகைத் தயாரிப்புகளில் கிளிபென்கிளமைடும், லாக்டிக் அமிலக் கோளாறால் கைவிடப்பட்ட ஃபென்ஃபார்மினும் கண்டுபிடிக்கப்பட்டன. ஏற்கெனவே கிளிமெபிரைடு சாப்பிடும் ஒருவருக்கு இப்படி ஒரு பொடி கிடைத்தால், அது மூலிகையும் மருந்தும் சேர்ந்த கதை அல்ல. ஒரே மருந்தை இரண்டு பேர் கொடுத்த கதை. சந்தேகப்பட ஓர் எளிய குறி இருக்கிறது. உண்மையான கசாயம் சர்க்கரையை இறக்க வாரக்கணக்கில் ஆகும். மூன்றாம் நாளே 280-லிருந்து 110-க்கு வந்துவிட்டது என்று நோயாளி மகிழ்ந்தால், அந்தப் பொடியைப் பத்திரப்படுத்தி வையுங்கள்.

ஆள் விழுந்தபின்

குளுக்கோமீட்டரில் 70-க்குக் கீழே, ஆள் விழிப்பாக இருக்கிறார் என்றால் 15 கிராம் குளுக்கோஸ்: தலைதட்டிய மூன்று தேக்கரண்டி, அரை டம்ளர் தண்ணீரில். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி சோதனை. ஏறாவிட்டால் இன்னொரு முறை. ஏறியபின் இரண்டு இட்லியோ பிஸ்கட்டோ. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

மருத்துவமனையில் 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 100 மி.லி. நரம்பில் போகும், 25 கிராம் குளுக்கோஸ். ஊசி ஏறியவுடன், டெக்ஸ்ட்ரோஸ் போகும் முன், அதே குழாயில் ரத்தம் எடுத்துவிட முடியுமானால் அதைப் போல உதவுவது வேறில்லை: குளுக்கோஸ், இன்சுலின், சி-பெப்டைடு (கணையம் சொந்தமாக இன்சுலின் சுரக்கும்போது கூடவே வருவது), சல்ஃபோனைல்யூரியா தேடலுக்கு ஒரு குழாய் சீரம் உறைநிலையில். இதற்காகச் சிகிச்சையை ஒரு நிமிடம்கூடத் தள்ளக் கூடாது. குளுக்கோஸ் 55-க்குக் கீழே இருக்கும்போது இன்சுலின் 3-க்கு மேல், சி-பெப்டைடு 0.6-க்கு மேல் என்றால் கணையம் தானாகவோ மாத்திரையின் விரட்டலாலோ சுரந்துகொண்டிருக்கிறது. சி-பெப்டைடு தாழ்ந்து இன்சுலின் மட்டும் உயர்ந்திருந்தால் ஊசி இன்சுலின். சீட்டில் கிளிமெபிரைடு மட்டும் இருக்க, சீரத்தில் கிளிபென்கிளமைடு தெரிந்தால் பொடியின் குட்டு அங்கேயே உடைந்தது.

சல்ஃபோனைல்யூரியா காரணமானால் டெக்ஸ்ட்ரோஸே ஒரு பொறி. ஏறிய குளுக்கோஸ் கணையத்தை மேலும் தூண்ட, ஒன்றிரண்டு மணி நேரத்தில் சர்க்கரை மறுபடி விழும். மீட்டர் 140 காட்டியதும் வீட்டுக்கு அனுப்பியவர் இரவில் அதே ஆட்டோவில் திரும்பி வருவது இதனால்தான். மறுபடி விழுந்தால் இன்சுலின் சுரப்பை அடக்கும் ஆக்ட்ரியோடைடு 50 மைக்ரோகிராம் தோலடியில், ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை. மணிக்கொரு சர்க்கரைச் சோதனை. குறைந்தது 24 மணி நேரம் வார்டில். கிளிபென்கிளமைடோ தளர்ந்த சிறுநீரகமோ என்றால் அதற்கும் மேல்.

மூலிகையை விடமாட்டேன் என்பவருக்கு

நிறுத்தச் சொன்னால் பலர் மூலிகையை நிறுத்த மாட்டார்கள். மருத்துவரிடம் சொல்வதைத்தான் நிறுத்துவார்கள். அதைவிட ஒழுங்குபடுத்துவது மேல். தொடங்கும் முன் மூன்று நாள் காலை வெறும் வயிற்றிலும் சாப்பிட்ட இரண்டு மணியிலும் அளந்து எழுதச் சொல்லலாம். ஒரு நேரத்தில் ஒரே பொருள். பதினொரு மூலிகை சேர்ந்த சூரணத்தில் எது என்ன செய்தது என்று கண்டுபிடிக்க வழியில்லை. வெருகடி, திரிகடி என்ற விரல் அளவெல்லாம் வைத்தியர் எதிரில் இருக்கும்போது சரி. வீட்டில் ஒரே கரண்டி, தலைதட்டி. விரதம், நோன்பு, காய்ச்சல், பயண நாட்களில் தொடங்கக் கூடாது. முதல் இரண்டு வாரம் பகல் பதினொரு மணிக்கும் விடியற்காலை மூன்று மணிக்கும் இரண்டொரு நாளாவது சோதனை. 90-க்குக் கீழே வரத் தொடங்கினால் மருத்துவர் முதலில் குறைப்பது சல்ஃபோனைல்யூரியாவை; மெட்ஃபார்மினை அல்ல. அறுவை சிகிச்சைக்கு இரண்டு வாரம் முன்பு மூலிகை நிற்க வேண்டும். நிறுத்தியபின் சர்க்கரை ஏறும் என்பதையும் எதிர்பார்க்க வேண்டும்.

கேட்கும் விதத்திலும் ஒரு நுட்பம் உண்டு. "வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா அம்மா?" என்றால் "இல்லீங்க" என்றுதான் பதில் வரும், பாகற்காய் ஜூஸ் மருந்தில்லையே. "காலையில் எழுந்ததும் முதலில் என்ன குடிக்கிறீங்க? நாட்டு மருந்துக் கடையில் கடைசியாக என்ன வாங்கினீங்க? வாட்ஸ்அப்பில் பார்த்து ஏதாவது ஆரம்பிச்சீங்களா?" என்று கேட்டால் டப்பாவே மேசைக்கு வந்துவிடும். வீட்டு டப்பாவுக்கு மாற்றியதைவிட வாங்கிய உறை உதவும். தொகுதி எண் அதில்தான் இருக்கும். பாதகமாக ஏதேனும் நடந்திருந்தால் இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் 1800-180-3024 என்ற இலவச எண்ணில் பதிவு செய்யலாம்.

கேஸ் ஷீட்டில் "மூலிகை எடுக்கிறார்" என்று எழுதினால் அடுத்து வரும் மருத்துவருக்கு ஒன்றும் விளங்காது. இப்படி இருக்க வேண்டும்: "பாகற்காய் ஜூஸ், சுமார் 50 மி.லி., விதையோடு, வெறும் வயிற்றில், மூன்று வாரமாக, வாரத்தில் ஐந்து நாள். கடைசியாக நேற்றுக் காலை 6 மணி. கிளிமெபிரைடு 2 மி.கி. காலை 7 மணி. காலை உணவு 10 மணி. கிரியாட்டினின் 1.6."